மூழ்கிய கப்பல்களும் மறைக்கப்பட்ட உண்மைகளும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

காப்பீட்டைப் பற்றி நம் மஹல்லாக்களில் பேச்சு எழும்போது, "அது ஆகுமா, ஆகாதா?" என்ற வினாவோடு உரையாடல் நின்றுவிடுகிறது. அவ்வினா அவசியமானதே. ஆயினும், காப்பீட்டின் பெயரால் நடக்கும் மோசடி அந்த உரையாடலுக்குள் வருவதேயில்லை. ஏமாற்றப்படுவோரும் நம்மில் இருக்கின்றனர். "கம்பெனிப் பணம்தானே" என்று பொய்க் கணக்கு எழுதுவோரும் நம்மில் இருக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் வரலாற்றில் பாடம் உண்டு.

கப்பலில் இடப்பட்ட துளை

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர்களிடையே ஒரு கடன்முறை வழக்கில் இருந்தது. கப்பலையோ சரக்கையோ ஈடாக வைத்துக் கடன் பெறுவார்கள். கப்பல் கரை சேர்ந்தால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். மூழ்கினால் கடன் தீர்ந்தது. இன்றைய கடற்காப்பீட்டின் முன்னோடி இதுவே.

ஹெகெஸ்ட்ராடோஸ் என்ற கப்பல்காரனும் அவன் கூட்டாளி ஸெனோதெமிஸும் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரில் இவ்வாறு கடன் வாங்கி, அப்பணத்தை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டனர். ஏதென்சுக்குத் தானியம் ஏற்றிச் சென்ற கப்பலின் அடித்தளத்தில், நடுக்கடலில், இரவில் ஹெகெஸ்ட்ராடோஸ் துளையிட்டான். பயணிகளிடம் பிடிபட்டதும், தப்பிக்கச் சிறுபடகை நோக்கிக் குதித்தான். இருளில் படகு தவறிக் கடலில் மூழ்கி இறந்தான். கப்பலோ கரை சேர்ந்தது. வழக்குமன்றத்துக்காக எழுதப்பட்டு டெமொஸ்தெனிஸின் பெயரில் வழங்கும் உரை ஒன்று இந்நிகழ்வை நமக்கு அறியத் தருகிறது.

'ஸோங்' கப்பலின் கணக்கு

இருபத்தொரு நூற்றாண்டுகளுக்குப் பின் நடந்ததோ நெஞ்சை உறையவைப்பது. 1781ஆம் ஆண்டு, 'ஸோங்' என்ற ஆங்கிலேயக் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக்கப்பட்ட மக்களை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குச் சென்றது. வழிதவறிப் பயணம் நீண்டது, நோய் பரவியது. நோயால் இறப்போருக்கு இழப்பீடு கிடையாது. கப்பலைக் காக்கும் பொருட்டு 'சரக்கை' எறிய நேர்ந்தால் உண்டு. மாலுமிகள் சுமார் 130 பேரை உயிரோடு கடலில் எறிந்தனர். குடிநீர் போதவில்லை என்று காரணம் கூறி, உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுன் இழப்பீடு கோரினர்.

1783இல் லண்டன் ஜூரிகள் உரிமையாளர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தனர். காப்பீட்டாளர்கள் மறு விசாரணை கோரியபோது, கடைசித் தொகுதியினர் எறியப்படுமுன் மழை பெய்திருந்தது என்ற சாட்சியம் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டின் முன் வந்தது. அவர் மறு விசாரணைக்கு அனுமதித்தார். எனினும் கொலைக்குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மனித உயிரைத் தொகையாக எழுதிய ஏட்டில் பொய் ஒன்று சேர்ந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஈரத் தானியம்

இதே மான்ஸ்ஃபீல்டு 1766இல் வேறொரு வழக்கில் ஒரு நெறியை நிலைநாட்டியிருந்தார். சுமத்ராவில் இருந்த ஆங்கிலேயக் கோட்டை ஒன்றைப் பற்றிய வழக்கு அது. காப்பீடு என்பது முழு நம்பிக்கையின் மீது நிற்கும் ஒப்பந்தம். தனக்கு மட்டும் தெரிந்த உண்மையை எந்தத் தரப்பும் மறைக்கலாகாது என்றார். உலகக் காப்பீட்டுச் சட்டங்களின் அடித்தளமாக இன்றளவும் இந்நெறி போற்றப்படுகிறது.

நமக்கோ இது புதிய செய்தியன்று. மதீனத்துச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது.

"ஆகாதது" என்பது அனுமதியன்று

கடற்காப்பீட்டை ஆராய்ந்த தொடக்ககால ஃபிக்ஹ் அறிஞர் திமிஷ்கின் இமாம் இப்னு ஆபிதீன் (மறைவு 1836). அந்த இழப்பீட்டைப் பெறுவது ஆகாது என்றே அவர் தீர்ப்பளித்தார். 1985இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி வணிகக் காப்பீட்டைத் தடுத்து, கூட்டுறவு முறையிலான காப்பீட்டை மாற்றாக முன்வைத்தது. ஆயினும் நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவர் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டப்படி எடுத்தே ஆகவேண்டும்.

இதை வைத்துச் சிலர், "ஒப்பந்தமே ஆகாததுதானே, அதில் பொய் சொன்னால் என்ன?" என்கின்றனர். இது ஷைத்தானின் வாதம். ஓர் ஒப்பந்தம் ஆகாதது எனில் அதிலிருந்து விலகலாம். பொய்ச்சாட்சி சொல்லவோ பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணவோ அனுமதி பிறப்பதில்லை. நடக்காத விபத்துக்குக் கோரும் தொகை அந்நிறுவனத்தின் பணம் மட்டுமன்று. பிரீமியம் செலுத்திய ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணமுமாகும்.

மோசடி மறுபுறத்திலிருந்தும் வரும்

பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் மக்கள் செலுத்திய பணத்தைத் தம் வணிகத்துக்குத் திருப்பியதற்காகத் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா சிறைத்தண்டனை பெற்றார். ஃபெரோஸ் காந்தி 1955இல் நாடாளுமன்றத்தில் இதை அம்பலப்படுத்தினார். மறு ஆண்டே ஆயுள் காப்பீடு தேசியமயமானது. 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றிணைக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. உருவானது. அந்த எல்.ஐ.சி.யின் பணமே முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனப் பங்குகளில் முறைகேடாக முதலிடப்பட்டது வெளிப்பட்டு, 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது.

இன்று மோசடி தொலைபேசி வழியே வீட்டுக்குள் வருகிறது. ஆகவே நம் குடும்பங்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளட்டும்:

- "ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்களுக்குப் போனஸ் வந்திருக்கிறது" என்றால் அது பொய். அந்த ஆணையம் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் அறிவிப்பதுமில்லை.
- விண்ணப்பத்தை முகவர் நிரப்பினாலும், கையொப்பமிடுமுன் ஒவ்வொரு பதிலையும் வாசியுங்கள். சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இருந்தால் மறைக்காதீர்கள். அன்று மறைத்ததற்காகப் பின்னாளில் மனைவி மக்கள் தவிக்க நேரலாம்.
- பிரீமியத்தை முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள்; நிறுவனத்தின் ரசீதைப் பெறுங்கள்.
- பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், சொன்னதும் எழுதியதும் வேறாக இருப்பின் திருப்பி அளிக்கலாம்.
- நிறுவனத்திடம் முறையிட்டும் தீர்வில்லையெனில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; சென்னையில் அலுவலகம் உண்டு. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

ஹெகெஸ்ட்ராடோஸ் இட்ட துளையிலிருந்து கப்பல் தப்பியது; அவன் தப்பவில்லை. ஏமாற்றாமலும் ஏமாறாமலும் வாழும் நஸீபை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.