'கொல்லப்பட்டது', ஆனால் கொன்றது யார்? ஒற்றைப்பலகைக் கணினியும் தகைவுச் சோதனையும்

'ஸ்ட்ரெஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் இயற்பியல் பாடநூல்கள் 'தகைவு' என்று பெயரிட்டுள்ளன. மொழியியலில் அதே சொல் அசையழுத்தம். உளவியலில் மன அழுத்தம். கணினித் துறையின் 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' இம்மூன்றில் இயற்பியல் பொருளுக்கே நெருக்கமானது என்பதால் தகைவுச் சோதனை என்றே இங்கு எழுதுகிறேன். ஒரு பொருள் அன்றாடம் தாங்குவதைவிட மிகுதியான சுமையை வேண்டுமென்றே ஏற்றி, அது எங்கே தளர்கிறது என்று பார்ப்பது இச்சோதனை.

நான் வசிக்கும் தோப்பும்படியில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. வில்லிங்டன் தீவுக்குச் செல்லும் இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன: கலங்களுக்கு வழிவிட நடுப்பகுதியை உயர்த்தும்படி அமைக்கப்பட்ட பழைய துறைமுகப் பாலம் ஒன்று, 2001இல் திறக்கப்பட்ட புதிய பாலம் மற்றொன்று. பாலத்தைச் சோதிக்கும் பொறியாளர் பாரம் ஏற்றிய லாரிகளை அதன்மேல் நிறுத்தி, எவ்வளவு தாழ்கிறது, பாரத்தை நீக்கியபின் எவ்வளவு மீள்கிறது என அளப்பார். விரிசல் கண்டால் எந்த உத்தரத்தில் என்று விரல் நீட்டிச் சொல்லிவிடலாம்.

கணினியில் அந்த வசதி இல்லை. லினக்ஸ் முனையத்தில் ஒரு சோதனை நிரல் பாதியில் இறந்தால் திரையில் தோன்றுவது பெரும்பாலும் ஒரே சொல்: 'கில்டு'. கொல்லப்பட்டது. செயப்பாட்டு வினை மட்டும் இருக்கிறது, கருத்தா இல்லை. தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைப் பொருளில் கருத்தாவை இயற்றுதல் கருத்தா, ஏவுதல் கருத்தா என்று பிரிக்கிறது: தச்சனால் கட்டப்பட்ட கோயில், அரசனால் கட்டப்பட்ட கோயில். கணினிப் பிழையில் இயற்றியவரைக் கண்டுபிடிப்பது எளிது, கொன்றது கெர்னல்தான். ஏவியது யார் என்பதே கேள்வி. தகைவுச் சோதனையின் வரலாற்றை இந்த ஏவுதல் கருத்தாவைத் தேடிய வரலாறாகவே படிக்கலாம் என்பது என் வாதம்.

அவ்வரலாற்றில் மிகத் தெளிவான நிகழ்வு 1994இல், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள லிஞ்ச்பர்க் கல்லூரியில் நடந்தது. கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் எந்தக் கணினியையும் சோதிக்க முனையவில்லை; எண் கோட்பாட்டு ஆய்வு அது. பென்டியம் கணினி ஒன்றைச் சேர்த்த சில மாதங்களில், ஜூனில், கூட்டுத்தொகைகள் ஒத்துவரவில்லை. 824633702441 என்னும் எண்ணின் தலைகீழி பத்தாவது முக்கிய இலக்கத்திலிருந்தே பிழையாக வந்தது. சில்லைக் குறை சொல்ல அவர் விரையவில்லை என்பதுதான் இங்கு முக்கியம். தம் நிரலில் பிழையா, மொழிபெயர்க்கும் கம்பைலரிலா, தாய்ப்பலகையிலா என ஒவ்வொன்றாக ஐயுற்று நீக்கிக்கொண்டே வந்தார். இதற்கு அக்டோபர் 19 வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. எஞ்சியது சில்லின் வகுத்தல் அலகு ஒன்றே. வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து மதிப்புகள் விடுபட்டிருந்தன. இன்டெல் நிறுவனம் தன் உள்சோதனைகளில் அதே ஆண்டு இதை அறிந்திருந்தும் அறிவிக்கவில்லை. டிசம்பரில் சில்லுகளை மாற்றித்தர இசைந்தது, 47.5 கோடி டாலர் செலவென்று கணக்கு எழுதியது.

பென்டியம் நின்றுபோகவில்லை, சூடாகவில்லை, 'கொல்லப்பட்டது' என்றுகூடச் சொல்லவில்லை. அமைதியாகப் பிழையான விடை தந்தது. தகைவுச் சோதனை நிரல்களுள் அன்றும் இன்றும் உள்ள அடிப்படை வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது. சில நிரல்கள் சுமையை மட்டும் ஏற்றும். வேறு சில விடையையும் சரிபார்க்கும். மெர்சென் பகா எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய திட்டத்தின் பிரைம்95 இரண்டாம் வகை. அறிந்த விடையோடு ஒப்பிட்டு, மாறினால் வன்பொருள் பழுது என்று அறிவிக்கும். 1979இல் ஜாக் டொங்காரா வெளியிட்ட அளவீட்டிலிருந்து வளர்ந்த லின்பாக் சோதனையும் இறுதியில் எச்சப் பிழையைக் கணக்கிட்டுத் தேறியதா இல்லையா என்று சொல்லும். ஏமஸ் வாட்டர்லாண்டின் 'ஸ்ட்ரெஸ்' நிரலோ பெரிதும் சுமை ஏற்றுவது. அதன் வழித்தோன்றலாகக் காலின் இயன் கிங் எழுதிய 'ஸ்ட்ரெஸ்-என்ஜி'யில் சரிபார்ப்பு உண்டு, ஆனால் அதற்குரிய 'வெரிஃபை' விருப்பத்தைச் சேர்த்து ஓட்ட வேண்டும். ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடியது என்று பலர் பதிவிடும் சான்று பெரும்பாலும் அடுப்பு அணையவில்லை என்பதற்கே சான்று. சோறு வெந்ததா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தபோது ஐயத்துக்குரியவர்களின் பட்டியலே மாறியது. மேசைக் கணினியில் மின்வழங்கி பெட்டிக்குள்ளேயே ஓர் உறுப்பு. இந்தப் பலகையோ கைப்பேசி மின்னேற்றியில் இயங்கியது. எந்த மின்னேற்றி, எந்தக் கம்பி என்பது பயனரின் விருப்பம். கேரளத்தில் 2001 முதல் பள்ளிக் கணினிக் கல்வியை நடத்திவந்த 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தின் வழியே 2014-15 காலத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இப்பலகைகள் வழங்கப்பட்டன. ஆய்வகத்தின் சீரான மின்வழங்கலிலிருந்து வெகு தொலைவில், வீட்டுக் கூடத்துச் சுவர்ச் செருகியில், மின்விசிறிக்குக் கீழே அவை இயங்கின.

2015 பிப்ரவரியில் வெளிவந்த பை 2 ஒரு விந்தையைக் காட்டியது. ஸீனான் மின்வெட்டொளியுடன் நிழற்படம் எடுத்தால் கணினி அணைந்தது. மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சிறு சில்லு உறையின்றி இருந்ததால் ஒளி அதன் சிலிக்கானைத் தாக்கிக் குலைத்தது. ஒளிபுகாப் பசைத்துண்டு ஒன்றை ஒட்டியதும் தீர்ந்தது. எந்தத் தகைவுச் சோதனை நிரலும் ஒரு நிழற்படக் கருவியைத் தன் பட்டியலில் வைத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு பை 3 வந்தபின் லின்பாக் ஓட்டிய சிலருக்குக் கணினி முடங்கியது அல்லது விடை பிழைத்தது. சாதாரணச் சுமைகளில் அதே பலகைகள் நன்றாகவே இயங்கின. மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தியபோது சிக்கல் அடங்கியது: லின்பாக் சில்லின் நான்கு கருக்களையும் ஒரே நேரத்தில் கடுமையாக உழைக்கவைத்தபோது, கிடைத்த மின்னழுத்தம் போதவில்லை.

இப்பலகைகளில் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் எச்சரிக்கை எழும். சில்லு 80 பாகை செல்சியஸை அடைந்தால் வேகம் தானே குறைக்கப்படும். இரண்டையும் ஒரே பதினறும எண்ணில் படிக்கலாம். 50005 என்று வந்தால் இப்போதே மின்னழுத்தம் குறைவு, வேகமும் குறைக்கப்பட்டுள்ளது. 50000 என்றால் இயக்கியபின் எப்போதோ இவை நிகழ்ந்தன, இப்போது இல்லை. மேலே சொன்ன செயப்பாட்டு வினைக்குக் கருத்தாவைக் கூட்டித் தரும் உருபு இந்த எண்.

என் ஆய்வுக்காகப் பதிவு செய்த தமிழ்ப் பேச்சை அசை அசையாகப் பிரித்துக் கால அளவு காண, வீட்டில் இத்தகைய பலகை ஒன்றை இரவு முழுதும் ஓட்டுகிறேன். சில இரவுகளில் அது நடுவிலேயே மறுதொடக்கம் ஆனது. தகைவுச் சோதனையைத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் 50005 வந்தது. மின்னேற்றி போதுமான ஆம்பியர் கொண்டதுதான். அதனுடன் வந்த நீளமான மெல்லிய கம்பியின் தடை, சுமை கூடும்போது மின்னழுத்தத்தை விழுங்கிவிட்டது. தடித்த குறுங்கம்பியை மாற்றியதும் எண் சுழியமாகியது, சில நாள் மட்டும். ஏப்ரலில் மீண்டும் வேகம் குறைந்தது, இம்முறை வெப்பத்தால். 20 பாகை உள்ள கேம்பிரிட்ஜ் அறையில் ஒரு சில்லு சுமையில் 50 பாகை கூடினால் 70இல் நிற்கும். 33 பாகை உள்ள கொச்சி அறையில் அதே சுமை 83ஐ நோக்கும், எல்லையோ 80. பலகை பழுதில்லை, நிரலும் பழுதில்லை. வடக்கு ஐரோப்பிய அறையை மனத்தில் கொண்ட வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

சில வேளைகளில் ஏவுதல் கருத்தா சோதனை நிரலேதான். பிரைம்95 இன்டெல் வகைச் சில்லுகளுக்கானது. ஆர்ம் சில்லில் இயக்கினால் வடிவம் பொருந்தவில்லை என்று மறுக்கப்படும். ஒரு ஜிகாபைட் நினைவகம் உள்ள பலகையில் நினைவகச் சோதனைக்கு ஒரு ஜிகாபைட் கேட்டால், இயங்குதளத்துக்கு இடமின்றிப் போக, கெர்னல் அந்நிரலைக் கொல்லும். கெர்னல் பதிவேட்டில் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். நினைவகச் சில்லை மாற்றத் தேவையில்லை. 2023க்குப் பின் மற்றொரு குழப்பம் பெருகியது: கெர்னல் 64-பிட், மேலே உள்ள நிரல்கள் 32-பிட் என்னும் கலப்பு அமைப்பு. சோதனை நிரலை மூலத்திலிருந்து தொகுப்பவர் கெர்னலைக் கேட்டு 64 என்று முடிவுசெய்வார். தொகுப்பான் 32 என்று எண்ணி மறுக்கும். இரண்டும் தத்தம் அளவில் உண்மையே சொல்கின்றன.

மொழியியல் துறைகளில் இத்தகைய மலிவுப் பலகைகளில் ஒலி ஆய்வு செய்வோர் பெருகுகிறோம். சில மில்லிநொடி வேறுபாட்டின்மேல் ஓர் இயலையே எழுப்புகிறோம். ஆகவே என் ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் ஒவ்வொரு பதிவுத் தொகுதிக்கும் எதிரே அறை வெப்பநிலை, சில்லின் உச்ச வெப்பநிலை, அந்தப் பதினறும எண் ஆகிய மூன்றையும் அட்டவணையாகத் தருகிறேன்; பத்தில் ஒரு தொகுதியை வேறொரு கணினியிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடுகிறேன். இவற்றைப் பின்னிணைப்பில் வைப்பதா, இயலுக்குள்ளேயே வைப்பதா என்பதில் துறைசார் வழக்கம் அறிந்தவர்கள் கருத்துரைத்தால் நன்றி.