கடற்கரையில் ஒரு கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பேத்தி பேசினாள். "தாத்தா, கல்யாணத்தை மாமல்லபுரம் பக்கம் கடற்கரையிலேயே வச்சுக்கலாமான்னு பார்க்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த மதினி ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். "நம்ம வழக்கத்துல அப்படி உண்டா?" மதினிக்கு 84 வயது. கேள்வி நியாயமானது. வழக்கம் என்றால் எதுவரைக்கும் பின்னால் போவது? அலமாரியில் இருந்த பழைய புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன்.

நாம் கரிசல்காட்டுக்காரர்கள். மழை குறைந்த இந்த வறண்ட வானம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் தோதாக அமைந்தது. கடலுக்கும் நமக்கும்தான் தூரம். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவரை பெயரளவிலாவது நமக்கும் ஒரு கடற்கரை இருந்தது. 1985 மார்ச்சில் மாவட்டத்தைப் பிரித்தபோது அதுவும் போயிற்று. நமக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். மொட்டை, காதுகுத்து, நேர்ச்சைக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அங்கே போவோம். ஆனால் தாலி கட்டுவது சந்நிதியிலோ மண்டபத்திலோதான். அலை ஓரத்தில் அல்ல.

முருகனையே எடுத்துக்கொள்ளுங்கள். கந்த சஷ்டியின்போது சூரசம்ஹாரம் திருச்செந்தூர்க் கடற்கரை மணலில் நடக்கிறது. போரில் வென்ற பிறகு தெய்வானையை மணந்த இடமாகப் புராணம் சொல்வதோ திருப்பரங்குன்றம். போர் கடலோரத்தில், கல்யாணம் மலையடிவாரத்தில்!

சிலப்பதிகாரத்திலும் இதே கதைதான். புகார் கடலோரப் பட்டினம். கோவலன், கண்ணகி கல்யாணத்துக்கு யானை மேல் பெண்களை ஏற்றி ஊருக்கெல்லாம் அழைப்புச் சொல்கிறார்கள். கல்யாணம் நடப்பது முத்துப்பந்தல் போட்ட மண்டபத்தில். கதையில் கடற்கரை வருவது பிறகு, கானல்வரியில். அங்கேதான் கோவலன் மாதவியைப் பிரிகிறான். தொல்காப்பியர் வழியில் நெய்தல் நிலத்துக்கு உரியதும் இரங்கல்தான். காத்திருப்பதற்கும் கலங்குவதற்குமான இடம் அது. மதினி பக்கம் வலுவாகத்தான் இருந்தது.

அப்புறம் அகநானூற்றின் 86ஆம் பாட்டைப் பார்த்தேன். நல்லாவூர் கிழார் பாடியது. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கல்யாண வர்ணனைகளில் ஒன்று. உளுந்து சேர்த்த சோற்று விருந்து. வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தல். உள்ளே மணல் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். விளக்கு ஏற்றி, மாலை தொங்கவிட்டு, நல்ல நாளில் விடியற்காலையில் சடங்கு. தலையில் குடமும் கையில் மண்டையுமாக வயதான பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். புரோகிதர் பற்றிய பேச்சு இல்லை, தீவலம் இல்லை, தாலியைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

அந்த மணல் எனக்குப் புதிதல்ல. என் சிறுவயதில் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் முதல்நாளே மாட்டுவண்டியில் ஆற்று மணல் வந்து இறங்கும். வாசல் பந்தலுக்குள் அதைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரிப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் நடுராத்திரிவரை அதில்தான் புரளுவோம். மணல் இருக்கும் இடத்துக்கு நாம் போகவில்லை. மணல் நம் வாசலுக்கு வந்தது. பிறகு மண்டபங்கள் வந்தன, மணல் நின்றது. அப்போதும் பெரியவர்கள் "வீட்டு வாசலை விட்டுட்டு மண்டபத்துல கல்யாணமா?" என்று கேட்டார்கள். இன்று மண்டபம்தான் வழக்கம்!

இன்னொன்றும் நம் மாவட்டத்திலேயே நடந்தது. 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அதைச் சொல்கிறார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்திச் செல்லும் என்று ஆக்கினார்கள். அந்தத் திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு யாராவது முன்னிலையில் மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம் என்கிறது. எந்த இடத்தில் என்று ஒரு சொல்லும் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று பட்டது. பந்தல், மண்டபம், புரோகிதர், தாலி எல்லாம் காலத்துக்குக் காலம் வந்தும் போயும் இருக்கின்றன. நின்றது ஒன்றுதான்: நாலு பேர் வந்து நின்று வாழ்த்துவது. அந்த நாலு பேரில் வயதானவர்கள் கட்டாயம் உண்டு.

பேத்தியைத் திரும்ப அழைத்தேன். "கடற்கரையில வையம்மா, எனக்குத் தடை இல்லை. ஆனா சிலது யோசி. கிழக்கே பார்த்து உட்கார்ந்தா காலை வெயில் நேரே கண்ணுல அடிக்கும். கடல்காத்துல குத்துவிளக்கு நிக்காது. கண்ணாடி மறைப்பு வேணும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மழை. மணல்ல நாற்காலிக் கால் புதையும். பெரியவங்க நடக்கிற பாதைக்குப் பலகை போடச் சொல்லு. முக்கியமா, இங்கேயிருந்து ஒரு ராத்திரி பஸ்ஸில வரணும். பெரியம்மாச்சியால முடியுமான்னு பாரு. முடியாதுன்னா திருச்செந்தூர்லயும் கடல் இருக்கு."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "பெரியம்மாச்சிகிட்ட போனைக் குடுங்க தாத்தா" என்றாள்.

இருவரும் என்ன பேசினார்களோ தெரியாது. இடம் இன்னும் முடிவாகவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அந்த அகநானூற்றுப் பாட்டை மதினிக்கு விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தலையில குடம் வைக்க என்னால ஆகாது. பூவும் நெல்லும் வேணா எடுத்துக் குடுப்பேன்."