உங்கள் மைலேஜ் புள்ளிகளில் அம்மாவுக்கு பிஸ்னஸ் இருக்கை: தெரிந்துகொள்ள வேண்டியவை

கோல சிலாங்கூர் – பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இன்று அடிக்கடி விமானம் ஏறுகிறார்கள். கிரெடிட் கார்டு செலவிலும் புள்ளிகள் சேர்கின்றன. முட்டி வலியோடு தமிழ்நாட்டுக்கு உடன் வரும் பெற்றோருக்கு அந்தப் புள்ளிகளைக் கொண்டு பிஸ்னஸ் வகுப்பு இருக்கை வாங்கித் தர முடியுமா? முடியும். ஆனால் டிக்கெட் வாங்கும் முன்பே சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

எந்த விமானம்?

திருச்சிக்குப் பறக்கும் ஏர் ஏசியாவின் ஏ320 விமானங்களில் எகானமி மட்டுமே உண்டு. கால் நீட்ட இடமுள்ள இருக்கையைக் காசு கட்டித் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். சென்னைக்குச் செல்லும் மலேசியா ஏர்லைன்ஸில் பிஸ்னஸ் வகுப்பு உண்டு. அதன் புள்ளித் திட்டத்தின் பெயர் என்ரிச்.

விமான ரகத்தையும் பாருங்கள். போயிங் 737 விமானத்தின் பிஸ்னஸ் இருக்கை அகலமானது, சாயும், ஆனால் படுக்கையாகாது. ஏர்பஸ் ஏ330 விமானத்தில் முழுதாகப் படுக்கலாம். சென்னைப் பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம். அதற்கு அத்தனை புள்ளிகளைச் செலவழிப்பது தகுமா என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்யும்.

எந்த டிக்கெட்?

மலிவு விலை டிக்கெட்டுகளைப் புள்ளிகளால் உயர்த்த விமான நிறுவனங்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. முகவரிடம் வாங்கினாலும், "இந்தக் கட்டண வகையைப் புள்ளியில் உயர்த்தலாமா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போக ஒரு முறை, வர ஒரு முறை எனப் புள்ளிகள் தனித்தனியே கழியும். புள்ளி இருந்தாலும் அதற்கென ஒதுக்கிய இருக்கை காலியாக இருக்க வேண்டும். விழாக்காலத்தில் அது அரிது.

யார் பெயரில்?

புள்ளிகள் உங்கள் கணக்கிலிருந்துதான் கழியும். பயணம் செய்பவரை முன்கூட்டியே நியமனதாரராகப் பதிவு செய்யச் சில திட்டங்கள் கேட்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் 5 பேர் வரை பதியலாம்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் பெயர்தான். கடப்பிதழில் 'ஏ/பி', 'ஏ/எல்' இருக்கும். டிக்கெட் பதிவில் சாய்கோடு வராது. கடப்பிதழ், டிக்கெட், நியமனதாரர் பட்டியல் மூன்றிலும் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா தனியாக உட்காருவாரா?

ஒருவருக்கு மட்டும் புள்ளி போதுமானால், அம்மா முன்னால், நீங்கள் பின்னால். முதன்முறை பறப்பவர், தமிழ் மட்டுமே பேசுபவர் என்றால், வசதியான இருக்கையைவிடப் பிள்ளை பக்கத்தில் இருப்பதே அவருக்குப் பெரிதாக இருக்கலாம். அவரையே கேட்டு முடிவெடுங்கள். சைவ உணவு வேண்டுமா என்பதையும் முன்பே பதிவு செய்யுங்கள்.

நடக்கச் சிரமப்படுபவருக்கு சக்கர நாற்காலி உதவி பெற பிஸ்னஸ் டிக்கெட் தேவையில்லை. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். சில குடும்பங்களுக்கு இதுவே போதும்.

காலாவதியும் மோசடியும்

புள்ளிகளுக்குக் காலாவதி உண்டு. கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு 3 ஆண்டு. என்ரிச் கணக்கிலும் காலாவதி தேதியைப் பார்த்து வையுங்கள். கார்டு புள்ளிகளை மாற்றிய பிறகு பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. இருக்கை இருக்கிறதா என்று பார்த்த பின் மாற்றுங்கள்.

சமூக ஊடகத்தில் "மலிவு விலையில் புள்ளி" விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். புள்ளிகளை விற்பதைத் திட்ட விதிகள் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்யலாம். அப்போது கே.எல்.ஐ.ஏ. முகப்பில் பெட்டியோடு நிற்கப் போவது விற்றவர் அல்ல, உங்கள் அம்மா.