கொசுவத்திச் சுருளின் கதை

பழைய நினைவுகளில் மூழ்குவதை நம்மவர்கள் ‘கொசுவத்தி சுற்றுவது’ என்பார்கள். சினிமாவில் பிளாஷ்பேக் வரும்போது திரையில் ஒரு சுருள் சுற்றுமே, அதனால் வந்த பெயர். இன்று அந்தச் சுருளுக்கே கொசுவத்தி சுற்றப் போகிறேன்.

என் சிறுவயதில் மாலையானால் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவார்கள். கதவு, சன்னல் எல்லாம் திறந்திருக்கும். அரை மணியில் புகை போய்விடும். கொசுவும் திரும்பி வந்துவிடும்!

ஜப்பானில் எய்ச்சிரோ உயேயாமா என்பவருக்கும் இதே சிக்கல்தான். பைரீத்ரம் என்ற, சாமந்தி இனத்துப் பூவின் பொடியைக் கொண்டு 1890-ல் ஊதுபத்தி போல ஒரு கொசுவத்தி செய்தார். கொசு மடிந்தது. ஆனால் பத்தி 40 நிமிடத்தில் எரிந்து தீர்ந்தது. சுருண்டு கிடந்த பாம்பைப் பார்த்து, பத்தியையும் அப்படிச் சுருட்டலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி என்பார்கள். 1902-ல் சுருள் விற்பனைக்கு வந்தது. இப்போது ஏறக்குறைய 7 மணி நேரம் எரிந்தது. ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

வினையும் அங்கேதான். இரவு முழுக்க எரிந்தால் இரவு முழுக்கப் புகை. இன்றைய சுருளில் கொசு மருந்து நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் மரத்தூள், கொட்டாங்கச்சிப் பொடி, பசை, சாயம். அவை புகைந்து வரும் நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. இருமலும் இளைப்பும் குழந்தைகளையும் நம்மைப் போன்ற வயதானவர்களையும்தான் முதலில் பிடிக்கும்.

சில வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு விடியற்காலையில் இளைப்பு வந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ராத்திரி சன்னலைச் சாத்திட்டுக் கொசுவத்தி ஏத்துறீங்களா?” கொசு வராமல் இருக்கச் சாத்திய சன்னல், புகையையும் வெளியே விடவில்லை. சுருளைக் கட்டிலடியிலேயே வேறு வைத்திருந்தோம்.

அன்றே பரணிலிருந்து கொசுவலை இறங்கியது. சன்னலுக்குக் கம்பிவலை அடித்தோம். இளைப்பு அடியோடு போகவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தது.

சுருள் இல்லாமல் முடியாது என்பவர்கள், சாயங்காலமே ஏற்றி, படுக்கும் முன் அணைத்துவிட்டு, புகை போகும்வரை சன்னலைத் திறந்து வையுங்கள்.