குரல்வளைப் புற்று: நெய்யூர் முதல் ஆர்.சி.சி. வரை

குரல்நாணில் தோன்றும் புற்றுநோய் வலியோடு தொடங்குவதில்லை. குரல் கரகரப்பதில் தொடங்குகிறது. பேசும்போது இரு நாண்களின் ஓரங்களும் நெருங்கிச் சேர வேண்டும். அந்த ஓரத்தில் ஓர் அரிசிமணியளவு தடிப்பு விழுந்தாலே ஒலி பிசகிவிடும். உடலின் வேறு பல இடங்களில் இந்த அளவுக் கட்டி இருப்பதே தெரியாது. குரல்நாணில் நிணநீர் நாளங்களும் குறைவு என்பதால் நோய் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவச் சற்றுக் காலம் பிடிக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகக்கூடிய புற்றுநோய் இது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காடு போன்ற கடற்கரை ஊரில் கரகரப்பை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. மீன் ஏலம் கூறுபவருக்கும் அலைச்சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்துப் பழகியவருக்கும் தொண்டை கட்டுவது வாடிக்கை. சுக்கும் மிளகும் திப்பிலியும் கொண்டு சில மாதங்கள் கழிந்துவிடுகின்றன. புகைபிடிப்பவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் தொண்டையைப் பார்த்தாக வேண்டும் என்ற அறிவு இந்தக் கரைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. காசநோயும் குரல்வளையைத் தாக்கும் என்பதால் முற்காலத்தில் இரண்டையும் பிரித்தறிவதே மருத்துவருக்குக் கடினமாக இருந்தது.

புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றில், இந்தக் கரை முன்பு அடங்கியிருந்த தென் திருவிதாங்கூருக்கு எதிர்பாராத ஓர் இடம் உண்டு. மண்டைக்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கும் நெய்யூரில், லண்டன் மிஷன் சங்கம் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய பென்டால் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். அதே நெய்யூரைச் சேர்ந்த ஃபெல்ஸும் அதே ஆண்டு தென்னிந்தியரின் வாய்ப்புற்று பற்றி எழுதினார். 1933-இல் ஓர் (Orr) என்ற மருத்துவர், வெற்றிலையும் புகையிலையும் மெல்பவருக்கு வரும் வாய்ப்புற்றின் காரணத்தையும் சிகிச்சையையும் லான்செட் இதழில் விரித்தார். புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை உலகம் பரவலாக ஏற்றுக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கிராமத்து மருத்துவமனை ஒன்றில் அது பதிவாகிக்கொண்டிருந்தது.

இந்தப் பதிவுகளின் மையம் கன்னமும் நாக்கும் உதடும்தான். வாய்ப்புற்றைக் கண்ணால் பார்க்கலாம். குரல்வளை அப்படித் தெரியும் இடமன்று. 1854-இல் மானுவேல் கார்சியா என்ற இசை ஆசிரியர் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியில் தம் குரல்நாண்களைத் தாமே பார்த்தார். ட்யூர்க்கும் செர்மாக்கும் அதை மருத்துவக் கருவியாக மாற்றினார்கள். வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத் 1873 டிசம்பர் 31 அன்று 36 வயது நோயாளி ஒருவரின் குரல்வளையைப் புற்றுநோய்க்காக முழுவதுமாக அகற்றினார். அந்த நோயாளிக்குச் செயற்கைக் குரல் கருவியும் பொருத்தப்பட்டது. சில மாதங்களில் நோய் திரும்பி அவர் இறந்தார்.

எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்கும் தவிப்பு உலகறிய நிகழ்ந்தது ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்கிடம். 1887 தொடக்கத்தில் அவர் குரல் கம்மியது. பெர்லின் மருத்துவர்கள் புற்றுநோய் என்று கருதி, கழுத்தைத் திறந்து கட்டியை வெட்டியெடுக்க நாள் குறித்தார்கள். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மோரெல் மெக்கன்சி எடுத்த சதைத்துணுக்கில் நோயியல் மேதை விர்ஹோவுக்குப் புற்று தென்படவில்லை. அறுவை கைவிடப்பட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சடைப்பைத் தீர்க்க மூச்சுக்குழலில் துளையிட நேர்ந்தது. மார்ச்சில் பேரரசராகி, 99 நாள் ஆட்சி செய்து, ஜூன் 15 அன்று இறந்தார். அறுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. அன்றைய அறுவையால் பலர் இறந்தார்கள் என்பதால் மெக்கன்சியின் தயக்கத்தை வெறும் பிழை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. துணுக்குச் சோதனை ஒருமுறை தெளிவாக வந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் மறுமுறை எடுக்க வேண்டும் என்ற பாடம் மருத்துவத்தில் ஆழப் பதிந்தது.

நெய்யூரின் பெயரை உலகறியச் செய்தவர் அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல். 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரின் கூட்டத்தையும் ஆள்பற்றாக்குறையையும் கண்டு அங்கேயே தங்க முடிவெடுத்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்ட் ஏறியபோது, ஜூன் 4 அன்று இறங்கும் வழியில் அவர் தொண்டை அடைத்து மூச்சு நின்றது. உறைபனியில் செத்துப்போன குரல்வளையின் உட்சவ்வு உரிந்து குறுக்கே விழுந்திருந்தது. இரு கைகளாலும் மார்பை அழுத்தித் தள்ளி அதை வெளியேற்றிப் பிழைத்தார். அது புற்றுநோயன்று, ஆனால் குரல்வளை அடைபடுவது எத்தகையது என்பதைத் தன் உடலில் அறிந்த ஒருவர் கால் நூற்றாண்டு இந்தக் கரை மக்களுக்கு அறுவை செய்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. அவர் காலத்தில் நெய்யூரில் கத்தியோடு ரேடியமும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்தது.

குரலை இழக்காமல் உயிரைக் காக்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது கதிர்வீச்சுதான். 1920-களில் பாரிஸில் கூட்டார் என்ற மருத்துவர், கதிர்வீச்சைச் சிறு சிறு அளவுகளாகப் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் குரல்வளைப் புற்றைக் குணப்படுத்திக் காட்டினார். இன்றும் அடிப்படை அதுவே. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டுக்குள் அங்கே கோபால்ட் கருவியும் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது அடையாறு சொந்த மாநிலத்து மருத்துவமனையானது. ஆனால் சென்னை 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. திருவனந்தபுரமோ அறுபது கிலோமீட்டர் போலத்தான். மாநில எல்லை மாறியும் நோயாளியின் பாதை மாறவில்லை. 1981-இல் கிருஷ்ணன் நாயரின் தலைமையில் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் (ஆர்.சி.சி.) அமைந்தபின் அந்தப் பாதை இன்னும் உறுதியாயிற்று. குமரி மாவட்டக் குடும்பங்களில் ஆர்.சி.சி. என்ற மூன்றெழுத்தே நோயின் பெயரைச் சொல்லாமல் சொல்லிவிடும்.

மண்டைக்காட்டுக்கு அடுத்த மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இம்மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் எரிவாயு விளக்கின் வலைக்குத் தேவைப்பட்டது. மணலின் இயற்கைக் கதிர்வீச்சுதான் புற்றுநோய்க்குக் காரணம் என்று கரையோரத்தில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். இதேபோன்ற மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து, 2009-இல் வெளியான ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அது வேறு ஊரின் ஆய்வு என்பதால் மணவாளக்குறிச்சி மக்களின் கேள்வி முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஆனால் குரல்வளைப் புற்றைப் பொறுத்தவரை பீடி, சிகரெட், அவற்றோடு சேரும் மது ஆகியவற்றின் பங்கு ஐயமற்றது. மணலைக் குற்றம் சொல்லிக்கொண்டே பீடியைத் தொடர்வது ஆபத்தானது. சிகிச்சைக் காலத்திலும் புகைப்பவருக்குக் கதிர்வீச்சின் பலன் குறைகிறது.

இன்று தொடக்க நிலை நோயாளிக்கு இரண்டு வழிகள் உண்டு: கதிர்வீச்சு, அல்லது வாய்வழியாகச் செய்யும் லேசர் அறுவை. லேசரை 1972-இல் அமெரிக்காவில் ஸ்ட்ராங்கும் ஜாகோவும் குரல்வளைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். லேசர் ஓரிரு நாளில் முடியும், நோய் திரும்பினால் மறுபடியும் செய்யலாம், கதிர்வீச்சையும் கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம். கதிர்வீச்சுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் போய்வர வேண்டும், அதே இடத்தில் மறுபடியும் கொடுப்பது அரிது. ஆனால் நாணின் சதை வெட்டுப்படாததால் பலருக்குக் குரல் நன்றாகத் தேறுகிறது. தினக்கூலிக்காரர் ஆறு வாரம் வேலையை விட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, பேருந்திலோ வாடகை அறையிலோ காலம் தள்ள வேண்டும். அவருக்கு இந்தக் கணக்கு மருத்துவக் கணக்குக்குக் குறைந்ததன்று. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009-இல் வந்தபின் மருத்துவமனைச் செலவு இலகுவாயிற்று. இழந்த கூலிக்கு ஈடில்லை.

நோய் முற்றியவருக்குத் தேர்வு கடினம். 1991-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 332 பேரிடம் நடத்திய ஆய்வில், குரல்வளையை அகற்றியவர்களும் முதலில் மருந்தும் பின் கதிர்வீச்சும் பெற்றவர்களும் இரண்டாண்டு முடிவில் ஒரே அளவில், 68 சதவீதம், உயிரோடிருந்தார்கள். இரண்டாம் குழுவில் 64 சதவீதத்தினர் குரல்வளையைக் காத்துக்கொண்டார்கள். 2003-இல் வெளியான இன்னோர் ஆய்வு, மருந்தையும் கதிர்வீச்சையும் ஒருசேரக் கொடுத்தால் குரல்வளை மேலும் அதிகமானோருக்கு எஞ்சுவதைக் காட்டியது. எனினும் புற்று குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிவிட்டால் அகற்றுவதே பொதுவாகப் பாதுகாப்பு.

குரல்வளையை அகற்றியவர் வாழ்நாள் முழுதும் கழுத்திலுள்ள துளை வழியாக மூச்சுவிடுகிறார். வாசனை குன்றுகிறது, மூச்சடக்கிப் பாரம் தூக்குவது சிரமம். மண்டைக்காடு புதூர் போன்ற மீனவர் ஊரில் இதன் விளைவு பெரிது: துளையில் தண்ணீர் புகுந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும் என்பதால் கடலுக்குப் போகும் தொழில் முடிந்துவிடுகிறது. இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லியாக வேண்டும். பேச்சுக்கு மூன்று வழிகள்: உணவுக்குழலில் காற்றை விழுங்கிப் பேசப் பழகுதல், கழுத்தில் வைக்கும் மின்கருவி, 1980-இல் சிங்கரும் ப்ளோமும் வெளியிட்ட முறைப்படி மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே பொருத்தும் வால்வு. மூன்றில் இயல்பான பேச்சுக்கு மிக நெருங்கியது வால்வு. சில மாதங்களுக்கொருமுறை அதை மாற்ற வேண்டும். வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்கில் விலையாக, பெங்களூரு அறுவை மருத்துவர் விஷால் ராவ் ஏறத்தாழ 50 ரூபாய்க்கு ஓம் என்ற வால்வை உருவாக்கினார். எந்தச் சிகிச்சை பெற்றாலும் நோய் திரும்பும் வாய்ப்பு முதல் இரண்டாண்டில்தான் அதிகம் என்பதால், அக்காலத்தில் சில மாதங்களுக்கொருமுறை தொண்டையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் இடைவெளி கூடும்.