கைவிடப்பட்ட நாய்களுக்கு அடைக்கலம்: ஒரு வரலாற்றுப் பார்வை

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் உள்ள எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. தொறுப்பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக அதை நட்டார்கள். கல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டு அது தன் தலைவனைக் காத்து நின்ற செய்தியும் கல்லிலேயே எழுதப்பட்டுள்ளது. கர்நாடகத்தில் ஆதகூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல் ஒன்று, காட்டுப்பன்றியோடு போராடி இறந்த காளி என்ற நாய்க்காக நடப்பட்டது. வகுப்பில் நடுகல் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் அரசன் பெயரை மறந்துவிடுவார்கள், நாயின் பெயரை மறக்கமாட்டார்கள்.

இவை வீரம் காட்டிய நாய்களுக்குக் கிடைத்த மரியாதை. வயதாகிக் கண் தெரியாமல், சொறி பிடித்து, யாருக்கும் பயன்படாமல் போன நாயை என்ன செய்தார்கள் என்பதைக் கல்வெட்டுகள் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேட நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வர வேண்டும்.

கொல்லும் வழக்கம்

நகரத் தெருக்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் கொல்வதை நிர்வாகத்தின் வேலையாக ஆக்கியது ஆங்கிலேயர் ஆட்சி. வெறிநோய் குறித்த அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சம் பொய்யானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது இன்றும் அரிது. லூயி பாஸ்டர் தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தியது 1885இல்தான். தென்னிந்தியாவில் 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அந்த மரணம் எழுப்பிய கவலையையொட்டி, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசிகளை எங்கள் தலைமுறையினர் மறக்க முடியாது. நாய் குரைத்தாலே பிள்ளைகள் ஊசியை நினைத்து ஓடிய காலம் அது.

சென்னையில் 1860களிலேயே நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் தொடங்கிவிட்டது என்று ப்ளூ கிராஸ் அமைப்பினர் எழுதியுள்ளனர். பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1990களின் நடுவில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 135 நாய்கள் கொல்லப்பட்டன என்பதும் அவர்கள் தரும் கணக்கே. கார்ப்பரேஷன் நாய் வண்டி வருகிறது என்றால் வீட்டு நாயைக் கட்டிப்போட ஓடுவார்கள். கழுத்தில் பட்டை இருந்தால் விட்டுவிடுவான் என்றொரு நம்பிக்கையும் இருந்தது. ஆனால் நூறாண்டுக்கு மேலாகக் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை; வெறிநோயும் ஒழியவில்லை. ஒரு தெருவின் நாய்களைப் பிடித்துக்கொண்டு போனால், அங்கே கிடைக்கும் எச்சில் சோற்றுக்கும் குப்பைக்கும் அடுத்த தெரு நாய்கள் வந்துவிடும். நாயின் கருக்காலம் இரண்டு மாதத்திற்குச் சற்றே அதிகம், ஓர் ஈத்தில் நான்கைந்து குட்டிகள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

பம்பாய் 1832

இந்தக் கொலைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த முதல் பெரிய எதிர்ப்பு பம்பாயில் நடந்தது. கோடைக்காலத்தில் தெருநாய்களைக் கொல்ல அரசு அனுமதித்திருந்தது. ஒரு நாய்க்கு எட்டணா வெகுமதி. காசு கிடைக்கிறது என்பதால் வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்களையும் அடித்தார்கள். பார்சிகளுக்கு நாய் சமயச் சடங்குகளில் இடம்பெறும் உயிர். 1832 ஜூன் 6ஆம் நாள் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாள் கடையடைப்பில் மற்றச் சமூகத்தாரும் சேர்ந்துகொண்டனர்.

கலவரம் அடக்கப்பட்டது. ஆனால் அதன் பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1834இல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரும், மோதிஷா என்று அழைக்கப்பட்ட சமண வணிகரும் முன்னின்று பம்பாய் பிஞ்சரப்போலை நிறுவினார்கள். கொலைக்குத் தப்பிய நாய்களுக்கு உணவும் இடமும் அளிப்பது அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. இலண்டனில் மேரி டீல்பி என்ற அம்மையார் தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான இல்லத்தைத் தொடங்கியது 1860இல். அது 1871இல் பேட்டர்சீக்கு இடம் மாறி, அந்தப் பெயராலேயே உலகப் புகழ் பெற்றது. நாய்க் காப்பகம் என்பது மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பம்பாய் இருபத்தாறு ஆண்டு முந்திக்கொண்டது.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிஞ்சரப்போல் சாகும்வரை வைத்துச் சோறு போடும் இடம். பேட்டர்சீ இல்லமோ, நாயை உரியவரிடம் திருப்பித் தருவது, இல்லையேல் புதிய வீடு தேடித் தருவது என்ற வழியில் சென்றது. ஆனால் வீடு கிடைக்காத நாய்கள் அங்கே கொல்லப்பட்டன. இன்றுவரை காப்பகம் நடத்துவோர் இந்த இரு வழிகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

சென்னையின் பங்கு

தமிழ்நாட்டில் நாய்க்கு மனிதருக்குச் சமமான மரியாதை கிடைத்த இடம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் பசு இலட்சுமியின் சமாதிக்கு அருகே ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் உள்ளன. ஜாக்கி நோயுற்றிருந்தபோது இரமணர் அதை அருகில் வைத்துக் கவனித்துக்கொண்டார்.

சட்டம் வேறு வழியில் வந்தது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் அடுத்த ஆண்டே விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அதன் பயனே 1960ஆம் ஆண்டுச் சட்டம். 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். தலைமையகம் பல்லாண்டுகள் சென்னையில் இருந்தது, பின்னர் ஹரியானாவுக்குப் போயிற்று. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதையும் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. 1960இல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்று அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் பற்றாது. தொகை மட்டும் அப்படியே நிற்கிறது.

ப்ளூ கிராஸ் பிறந்த கதை இதைவிட எளியது. 1959ஆம் ஆண்டு மழையில் தியாகராய நகரில் வெள்ளம் தேங்கியது. தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் விமானி, மனைவி உஷா சுந்தரமும் விமானி. இருவரும் 1951இல் ஒரு சிறு விமானத்தை இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்து சாதனை படைத்தவர்கள். அவர்கள் வீடே முதல் காப்பகமாயிற்று. 1964இல் சங்கம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது.

அவர்களின் மகன் சின்னி கிருஷ்ணா பொறியாளர். கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை என்றால் பிறப்பைக் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். பிடித்த நாய்க்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் சிறு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அந்த நாய் தன் எல்லைக்குள் புதிய நாயை நுழையவிடாது, குட்டியும் போடாது. இதை மாநகராட்சி ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1996இல் சென்னை கொல்வதை நிறுத்தி இம்முறைக்கு மாறியது. 2001இல் மத்திய அரசு இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023இல் புதிய விதிகள் வந்தன.

சடை நாயும் ஹட்ச் நாயும்

இந்த விதிகள் தெருநாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிடித்த இடத்திலேயே விடுவது தெருநாய்க்கு வாழ்வு. வீட்டில் கட்டிலுக்கடியில் வளர்ந்து பத்து வயதில் தெருவில் விடப்பட்ட சிறு நாய்க்கு அதுவே சாவு. அதற்குத் தெருவில் எல்லை கிடையாது, கூட்டம் கிடையாது, வண்டிக்கு விலகத் தெரியாது.

நம் ஊர்களில் சிறு நாய் என்றால் நெடுநாள் பொமரேனியன்தான். மக்கள் வாயில் அது சடை நாய். 1980களிலும் 90களிலும் நடுத்தர வீடுகளில் வெள்ளைச் சடை நாய் ஓர் அந்தஸ்து. 2003இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே போகும் பக் நாய் வந்தது. அதன் பிறகு இனத்தின் பெயரே மாறிவிட்டது. கடையில் ‘ஹட்ச் நாய் இருக்கா?’ என்றுதான் கேட்டார்கள். சப்பை மூக்கு உள்ள அந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் குறுகியது. கோடையில் இரைக்கும், கண்ணில் புண் வரும், தோல் மடிப்பில் சீழ் பிடிக்கும். கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலை எண்ணிப்பாருங்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத அயல் இனங்களின் பட்டியலில் பக்கையும் சேர்த்தது.

சிறு நாய்கள் பெரிய நாய்களைவிட நெடுநாள் வாழும். பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுவரை என்பது சாதாரணம். குட்டி வாங்கும்போது குழந்தை ஐந்தாம் வகுப்பில் இருக்கும். நாய்க்கு நோய் வரும்போது அந்தப் பிள்ளை சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கும். பல் சொத்தை, இதய வால்வுக் கோளாறு, கண்புரை, முழங்கால் சில்லு நழுவுதல் ஆகியவை சிறு இனங்களின் முதுமை நோய்கள். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயதான பின் கருப்பையில் சீழ் கட்டும். உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் போய்விடும். குட்டிக்காகவே வளர்க்கப்பட்ட பெட்டைகளின் நிலை இன்னும் மோசம். 2017ஆம் ஆண்டு விதிகள், பதினெட்டு மாதத்துக்கு முன் ஈனவைக்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. வீட்டுப் பின்கட்டில் குட்டி விற்பவரிடம் ஈத்துக் கணக்கை யார் போய் எண்ணுகிறார்கள்?

காப்பகத்துக்கு வந்த கிழ நாயை முதலில் மற்றவற்றிலிருந்து தனியே வைப்பார்கள். சிக்கு விழுந்த மயிரை மழித்தால்தான் அடியில் புண்ணும் உண்ணியும் தெரியும். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை, சொறிக்குத் தோல் சுரண்டிப் பார்த்தல், பல் பிடுங்குதல் எல்லாம் முடிந்து, தத்துக்குத் தயாராக ஒரு மாதம் ஆகலாம். தத்தெடுக்க வருபவரோ குட்டி கேட்பார். எனவே பல அமைப்புகள் இத்தகைய நாய்களைச் சில வாரம் தற்காலிகமாக ஒரு வீட்டில் வைத்து, மனிதரோடு பழகவிட்டு, பிறகு படம் எடுத்துப் போடுகின்றன. கம்பிக்குப் பின்னால் நடுங்கும் கிழ நாயை எவரும் கேட்பதில்லை. திண்ணையில் படுத்திருக்கும் கிழ நாயைச் சிலர் கேட்கிறார்கள்.

பரங்கிப்பேட்டையில்

எங்கள் ஊர் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது. மீன் இறங்கும் துறை உள்ள ஊரில் தெருநாய் பட்டினி கிடப்பதில்லை. 2004 சுனாமியில் மாவட்டக் கடற்கரை அழிந்தபோது, வடக்கே சின்னக் காலாப்பட்டில் செல்வகுமார் என்ற நாய் ஏழு வயதுச் சிறுவனைக் குடிசையிலிருந்து உந்தித் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிய செய்தி அப்போது உலகெங்கும் பரவியது. கோவிவனுக்கு நட்டதுபோல் அதற்கு யாரும் கல் நடவில்லை.

ஊரில் இஸ்லாமியக் குடும்பங்கள் மிகுதி. சமய முறைப்படி அவர்கள் நாயை வீட்டுக்குள் வைப்பதில்லை. ஆனால் தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் முகந்து கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியும் அதே மரபில்தான் இருக்கிறது.

இதை நான் கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன். பணி ஓய்வுக்குப் பின் ஒரு நாள் காலை, ரயில் நிலையச் சாலையில் ஒரு சடை நாயைக் கண்டேன். பெட்டை. இரு கண்ணிலும் புரை. கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தது. அறுந்த கயிறு இல்லை, யாரோ அவிழ்த்திருக்கிறார்கள். ஒரு காப்பகத்துக்குத் தொலைபேசினேன். இடமில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இருந்திருக்காது. சிதம்பரத்தில் கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் கொண்டுபோனேன். பல்லைப் பார்த்துப் பத்து வயதுக்கு மேல் இருக்கும் என்றார். மூன்று பல் பிடுங்கினார். ‘யாருக்காவது கொடுத்துடலாம் சார்’ என்றபோது அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

பாப்பா என்று கூப்பிட்டோம். எங்கள் வீட்டில் பதினான்கு மாதம் இருந்தாள். அடுத்த தெரு ஆயிஷம்மா, நாயைத் தொடமாட்டார். ஆனால் மத்தியானம் முள் நீக்கிய மீனும் சோறும் ஒரு கொட்டாங்கச்சியில் வைத்து, எங்கள் படலோரம் வைத்துவிட்டு, ‘வாத்தியாரே, உங்க பொண்ணுக்கு வெச்சிருக்கேன்’ என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார். பார்வை இல்லாத பாப்பா மணத்தை மோந்துகொண்டே சுவரை ஒட்டி நடந்து படலுக்குச் சரியாக வந்துவிடுவாள். அவள் போன பிறகும் ஒரு வாரம் கொட்டாங்கச்சி அங்கே வந்துகொண்டிருந்தது. தெருவில் இருந்த வேறொரு கிழ நாய் அதைக் கண்டுபிடித்துவிட்டது.