வெள்ளத்திலும் வறட்சியிலும் அதே பண்ணையார்

1927 மார்ச் 20 நமக்கு மனப்பாடமான தேதி. மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த நாள். அதற்கு ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கிரீன்வில் நகருக்கு மேலே மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் அந்த ஆற்றங்கரையில் நடந்ததைப் படிக்கும்போது நமக்கு எதுவும் அந்நியமாகத் தெரிவதில்லை.

31 மாநிலங்களில் விழும் மழை வடிந்து சேரும் ஆறு அது. அதனால் அங்கே மழை கூடினாலும் பொய்த்தாலும் எல்லாமே பெரிய அளவில்தான். 1926 கோடையின் இறுதியில் பிடித்த மழை அடுத்த வசந்தம் வரை விடவில்லை. 1927 ஏப்ரல் 15, புனித வெள்ளியன்று நியூ ஆர்லியன்சில் ஒரே நாளில் சுமார் 15 அங்குலம் கொட்டியது. கடைசியில் ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலம் மூழ்கியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள்.

கிரீன்வில் பருத்திச் சீமை. நிலம் வெள்ளைப் பண்ணையார்களுடையது, உழைப்பு கறுப்பர்களுடையது. அடிமைமுறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. அதன் இடத்தில் வாரச் சாகுபடி வந்தது. விதையும் அரிசி பருப்பும் பண்ணையார் கடையில் கடன், கணக்குப் புத்தகமும் அவர் கையில். அறுவடை முடிந்தாலும் கடன் முடியாது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் வாழ்க்கையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளத்தில் தப்பிய சுமார் 13,000 பேர், பெரும்பாலும் கறுப்பர்கள், உடையாமல் நின்ற கரைமேல் ஏறி நின்றார்கள். எட்டு அடி அகலக் கரையில் எத்தனை நாள் நிற்பது? அவர்களை ஏற்றிச்செல்லப் படகுகள் வந்தன. நிவாரணக் குழுத் தலைவர் வில் பெர்சி முதலில் அனுப்பத்தான் நினைத்தார். அவருடைய தந்தையும் பெரும் பண்ணையாருமான லீராய் பெர்சி குறுக்கே நின்றார். இவர்கள் போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்தி எடுக்க ஆள் இருக்காது என்பதுதான் பயம். வெள்ளைப் பெண்களும் குழந்தைகளும் படகேறினார்கள். கறுப்பர்கள் துப்பாக்கி ஏந்திய தேசியக் காவலர்களின் கண்காணிப்பில் முகாமில் நிறுத்தப்பட்டார்கள். செஞ்சிலுவைச் சங்க மூட்டைகளை இறக்குவதும் கரைக்கு மண் போடுவதும் அவர்கள் வேலை. எந்தப் பண்ணையின் ஆள் என்று எழுதிய அட்டை சட்டையில் தொங்கியது. ஜூலையில், இரவு முழுக்க உழைத்துவிட்டு மறுபடி வேலைக்கு வர மறுத்த ஒருவரைப் போலீஸ்காரர் சுட்டுக்கொன்றார்.

ஐடா பி. வெல்ஸ் சிகாகோவின் கறுப்பர் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். நிவாரணத்தை நடத்திய மத்திய அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர், டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவர் ராபர்ட் மோட்டன் தலைமையில் ஒரு கறுப்பர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். குழு முகாம்களைப் பார்த்தது, குறைகளை எழுதியும் கொடுத்தது. ஆனால் அது பெரிதாக வெளியே வரவில்லை. ஹூவர் 1928 தேர்தலில் வென்று அதிபரானார். நம்மூர் விசாரணைக் குழுக்களைப் பார்த்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

மூன்றே ஆண்டுகள். 1930 கோடையில் அதே படுகையில் மழை அறவே நின்றது. 1927இல் மிக மோசமாக மூழ்கிய ஆர்கன்சாதான் இப்போது மிக மோசமாகக் காய்ந்தது. பருத்தி கருகியது, காய்கறித் தோட்டங்களும் கருகின. பசி வந்தது. அப்போது பண்ணையார்கள் செஞ்சிலுவைச் சங்கத்திடம் வைத்த கோரிக்கையைக் கவனியுங்கள்: பருத்தி எடுத்து முடியும்வரை உணவு கொடுக்காதீர்கள், கொடுத்தால் வயலுக்கு வரமாட்டார்கள். வெள்ளத்தில் ஆளைப் போகவிடாமல் பிடித்துவைத்த அதே கை, வறட்சியில் சோற்றைப் பிடித்துவைத்தது.

வாஷிங்டனும் வேறாக இல்லை. விதைக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் கடன் கொடுக்க அரசு சம்மதித்தது. மனிதருக்கு நேரடியாக உணவு கொடுப்பதை ஹூவர் எதிர்த்தார், அது தர்ம ஸ்தாபனங்களின் வேலை என்றார். கழுதைக்குத் தீனி உண்டு, அதை ஓட்டுபவருக்கு இல்லை என்று செனட்டில் எதிர்க்கட்சியினர் கேலி செய்தார்கள். 1931 ஜனவரி 3 அன்று ஆர்கன்சாவின் இங்கிலாந்து என்ற சிற்றூரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் கடைத்தெருவில் கூடி, குழந்தைகளுக்குச் சாப்பாடு வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அன்றே உணவு கிடைத்தது.

பேரிடருக்குச் சாதி தெரியாது என்று 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் சொன்னார்கள். அங்கே தலித்துகள் நிவாரண முகாம்களிலும் பட்டியல்களிலும் ஒதுக்கப்பட்டது மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. மழைக்குத் தெரியாதுதான். பட்டியல் எழுதுபவருக்குத் தெரியும்.

மிசிசிப்பிக் கறுப்பர்களில் பலர் வடக்கே சிகாகோவுக்கு ரயிலேறினார்கள். தங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரன்சா என்ற ஊரில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்து தெற்கத்திய வாரக் குடியானவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே வந்தது. ஒரே சங்கம் என்று முடிவெடுத்தார்கள்.